ஆண்டாயி பார்த்துக்கொண்ட சேம்பர்

குன்னூரிலிருந்து வெலிங்டன் போகிற வழியில், ரோட்டுக்குக் கீழே சரிவில், மீட்டர் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. ராணுவ வண்டிகளுக்கும் ரயில் இன்ஜின்களுக்கும் வேண்டிய மீட்டர்கள் அங்கே தயாராயின. அங்கே செய்கிற மீட்டர் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், லடாக் பனியிலும் ஓட வேண்டும். மலையாளக் கரை மழையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் முள் சிக்கக் கூடாது. ஒவ்வொரு ஊராகக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க முடியுமா? அதற்காக ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை வரவழைத்திருந்தார்கள். ஆள் குனியாமல் உள்ளே போய் வரலாம். கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானைத் திருப்பினால் உள்ளே பாலைவனச் சூடு வரும், உறைபனி வரும், மூச்சு முட்டுகிற புழுக்கமும் வரும். அது வந்து இறங்கிய அறுபத்தொன்பதாம் வருடத்திலிருந்தே கம்பெனியில் எல்லோரும் அதைச் சேம்பர் என்றுதான் சொன்னார்கள்.

வாங்குகிற விலையைப் பற்றித்தான் மேலிடத்தில் பெரிய விவாதம் நடந்தது. வாங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ள என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அது எழுபத்திரண்டில் தெரிய ஆரம்பித்தது. குளிரை உண்டாக்குகிற கம்ப்ரசர் இரண்டில் ஒன்று எரிந்துபோயிற்று. பம்பாயிலிருந்து சர்வீஸ் கம்பெனியின் ஆள் விமானத்தில் கோயமுத்தூர் வந்து, டாக்சியில் மலை ஏறினார். உதிரிச் சாமானை இறக்குமதி செய்ய டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. நான்கு மாதம் சேம்பர் சும்மா நின்றது. அந்த நான்கு மாதமும் மீட்டர்களை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பி, வேறொரு இடத்தில் வாடகை கொடுத்துச் சோதித்தார்கள்.

ஆண்டாயி அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம், கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிறந்தது சிலோனில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில். இருபது வயதில் கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. வைத்தியர் ஏற்றி வைத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு கூடை சுமக்க முடியவில்லை. தோட்டத்துத் துரை அவளைத் தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் குச்சி பொறுக்கவும் தூசு தட்டவும் போட்டார். பத்து வருடம் அந்த வேலை செய்தாள். எழுபத்தொன்றில், சிலோனிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற அரசாங்க ஒப்பந்தத்தில் பேர் வந்தது. கணவன் சங்கிலியோடும் ஐந்து வயது மகளோடும் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சங்கிலிக்கு வேலை கிடைத்தது. ஆண்டாயிக்குக் கிடைக்கவில்லை. தோளைப் பார்த்தவுடனேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவன் கூலியில் மூன்று பேர் சாப்பிடுவது நடக்காத காரியம். குன்னூரில் இருந்த தூரத்துச் சொந்தம் ஒருத்தி மூலமாகத்தான் இந்தப் பெருக்குகிற வேலை வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டாயி குன்னூர் வந்தாள். மார்க்கெட்டுக்கு மேலே ஒரு தகர வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தாள். சங்கிலி பந்தலூரிலேயே இருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருவான். சாயங்காலம் போய்விடுவான்.

சோதனைக்கூடத்துக்குச் செல்லதுரை என்பவர் சூப்பர்வைசர். அன்னூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். சேம்பர் ஓடும்போது அதன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வட்டக் காகிதத்தில் பேனா வரைகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தொண்ணூற்றாறு மணி நேரச் சோதனை என்றால் நான்கு நாளும் அவர் முகத்தில் கவலை இருக்கும்.

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. எழுபத்து நான்கில் இரண்டாவது கம்ப்ரசரும் எரிந்தது. எழுபத்தைந்து மே மாதம், முதலில் மாற்றியதே திரும்பவும் எரிந்தது. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆறு வருடத்தில் ரிப்பேருக்குப் போய்விட்டது என்று தலைமை ஆபீசில் கணக்குப் போட்டார்கள். பெட்டியை விற்றுவிட்டு, சோதனைக்கூடத்தை மூடிவிட்டு, எல்லாவற்றையும் பெங்களூருக்கே அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. கூடத்தில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டாயி பத்தாவது. அவள் பெயர் நிரந்தரப் பட்டியலில் இல்லை, அதனால் யாரும் அவளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

மூன்றாவது தடவை பம்பாய் ஆள் வந்தபோது ஆண்டாயி பக்கத்தில் நின்றாள். சேம்பரின் பின்பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு மூடி உண்டு. சர்வீஸ் கம்பெனியின் ஆள் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். திருகாணிகளின் மேலும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த மூடிக்குப் பின்னால்தான், பெட்டிக்குள் இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிற தகடுகள் வரிசை வரிசையாக நின்றன. பம்பாய் ஆள் மூடியைக் கழற்றினார். தகடுகளின் மேல் ஒட்டியிருந்த பழுப்பு நிற மெத்தை போன்ற ஒன்றைக் கையால் உரித்துத் தரையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளுவது ஆண்டாயியின் வேலை. அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். பத்து வருடம் சுவாசித்த வாடை அது.

பம்பாய் ஆளிடம் சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். செல்லதுரையிடம் போனாள்.

"ஐயா, இது தேயிலப் பஞ்சுங்க."

"எதும்மா?"

"இந்தா, மெத்த மாதிரி இருக்கே, இதுங்க. பக்கத்து ஸ்டோர்ல சலிக்கிறப்ப பறந்து வருது. ஜன்னல் வழியா வந்து மெசின் இழுக்கிற காத்தோட போயி ஒட்டிக்கிது."

"ஸ்டோருன்னா?"

"தேயில பேக்டரிங்க. நாங்க அங்க ஸ்டோருன்னுதான் சொல்லுவோம். எங்க ஸ்டோர்லயும் மோட்டார் வாயில இப்பிடித்தான் அடைக்கும். சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை தட்டி எடுக்கலன்னா மோட்டார் சூடேறி எரிஞ்சிரும். ஸ்டோரப் பாத்துக்கற டீ மேக்கர் ஐயா பக்கத்துல நின்னு தட்டச் சொல்லுவாரு."

செல்லதுரை ஜன்னலைப் பார்த்தார். முப்பது அடி தள்ளி வேலிக்கு அந்தப்புறம் தேயிலை பேக்டரியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து அதிகம் வருகிற மாதம். விசிறியைச் சுற்றிச் சுவர் பழுப்பாகியிருந்தது.

"நீ சொல்றது சரியாத்தான் படுது" என்றார். "எழுதிக் கேட்டுப் பாக்கறேன்."

எழுதவும் செய்தார். ஆபீஸ் டைப்பிஸ்ட் ஜெஸிந்தா அடித்துக் கொடுத்தாள். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து தூசு தட்ட அனுமதி வேண்டும் என்று கடிதம். ஒரு மாதம் கழித்துப் பம்பாயிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை செய்கிற சர்வீஸே போதுமானது. மூடியை வேறு யாராவது திறந்தால் ஒப்பந்தம் செல்லாது.

"வேண்டாம்னுட்டாங்கம்மா" என்றார் செல்லதுரை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆண்டாயியின் மனசில் அது முடியவில்லை. தினமும் அந்தச் சிவப்பு மூடியைத் துணியால் துடைத்தாள். துடைக்கும்போது கையில் சூடு தெரியும். ஒவ்வொரு வாரமும் சூடு கூடுவது தெரியும். இன்னொரு தடவை எரிந்தால் கூடத்தை மூடிவிடுவார்கள். மூடினால் அவளுக்குப் பந்தலூரில் வேலை இல்லை, குன்னூரிலும் இல்லை.

கேன்டீன் பிரிட்ஜைப் பார்க்க மார்க்கெட்டிலிருந்து அயூப் வருவான். பிரிட்ஜ் மெக்கானிக். நல்ல கைவேலைக்காரன். ஒருநாள் அவனிடம் கேட்டாள், தேயிலைப் பஞ்சு ஒட்டிய தகடுகளை எப்படித் தட்டுவது என்று. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான்.

"மெயின் சுவிட்ச ஆப் பண்ணாமத் தொடாதீங்கக்கா. அப்புறம் மேலருந்து கீழ, தகடு நிக்கிற வாக்குல பிரஷ்ஷ இழுக்கணும். குறுக்க இழுத்தா மடங்கிக்கும். மடங்குனா காத்து போவாது."

அடுத்த தடவை வரும்போது மெல்லிய மயிர்ப் பிரஷ் ஒன்றையும் சின்ன திருப்புளி ஒன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள். கூடத்தைக் கழுவிவிட ஆண்டாயி இரண்டு மணி வரை இருப்பாள். மார்கழி மாதத்து முதல் சனிக்கிழமை மெயின் சுவிட்சை இறக்கினாள். திருகாணி நான்கு. பெயிண்ட் உதிராமல் கழற்ற எவ்வளவோ பார்த்தாள், கொஞ்சம் உதிரத்தான் செய்தது. மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலிருந்து கீழாகத் தகடுகளைத் தட்டினாள். வாளியில் பாதிக்குப் பஞ்சு வந்தது. ஜன்னலைத் தாண்டி ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் பிரஷ்ஷை நிறுத்திக் காது கொடுத்தாள். அரை மணியில் மூடியைத் திருப்பி மாட்டினாள். திங்கட்கிழமை சேம்பர் ஓடியபோது சிவப்பு மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் விடவில்லை. காய்ச்சலோடு வந்தும் செய்தாள். சங்கிலி சனிக்கிழமை மத்தியானமே வந்து காத்திருந்த நாளிலும் இரண்டரை மணிக்குத்தான் வீட்டுக்குப் போனாள். அவனிடமும் சொல்லவில்லை.

இரண்டரை வருடம் கம்ப்ரசர் எரியவில்லை. கரண்ட் செலவும் குறைந்தது. கூடத்தில் எல்லோரும் மெஷினுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார்கள். செல்லதுரையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. விற்கிற பேச்சு நின்றுபோயிற்று.

அந்த நல்ல காலமே வினையாக வந்தது.

எழுபத்தெட்டு ஜூலையில் தலைமை ஆபீசிலிருந்து குமாரசாமி என்ற இன்ஜினியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கறாரானவர், ஆனால் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வந்த அன்றே வட்டக் காகிதங்களையெல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினார். ஆண்டாயி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷத்துல மூணு தடவை எரிஞ்ச மெஷின்" என்றார் குமாரசாமி. "அப்புறம் ரெண்டரை வருஷமா ஒரு ரிப்பேர் பில்லும் இல்லை. பம்பாய்க்காரங்க வருஷ சர்வீஸுக்கு வந்ததோட சரி. கரண்ட் நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. ஆனா சோதனை மட்டும் முன்னவிட அதிகமா நடந்ததா சர்ட்டிபிகேட் சொல்லுது. இது எப்படிங்க?"

"மெஷின் நல்லா ஓடுதுங்க" என்றார் செல்லதுரை.

"மெஷின் ஓடலைன்னாலும் பில் வராது. கரண்ட் குறையும். இந்தக் கோட்டைப் பேனாவால கையிலயே போடலாம்."

செல்லதுரையின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

"ராணுவத்துக்குப் போற மீட்டருங்க. சோதிக்காமலே சோதிச்சதா நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அது சின்ன விஷயமில்லை."

ஆண்டாயி துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் ஜெஸிந்தா அவளைத் தேடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆண்டாயிக்கா, செல்லதுரை சாரை சஸ்பெண்ட் பண்ணப் போறாங்க. லெட்டர் டைப் பண்ணி வைக்கச் சொல்லிட்டாங்க. ரிட்டயர்மெண்டுக்கு மூணு வருசந்தான் இருக்கு அவருக்கு."

ஆண்டாயி கையிலிருந்த ரொட்டியை மடித்துத் துணியில் வைத்தாள். சொன்னால் தன் வேலை போகும், அதில் சந்தேகமே இல்லை. விதியை மீறியவள், அதுவும் பட்டியலில் பேர் இல்லாதவள். சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நிற்பாள். மகளுக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சீருடை வாங்க வேண்டும். சொல்லாவிட்டால்? செல்லதுரை இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளும் அவளை அம்மா போடாமல் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் சிலோன்காரி என்றுதான் சொன்னார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மேஜைக்குப் போனாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணுங்க."

குமாரசாமி நிமிர்ந்தார்.

"மெசின் ஓடுறது நெசந்தாங்க. அந்தச் செவப்பு மூடிய நாந்தான் தொறந்தேன். ஒவ்வொரு சனிக்கெழமையும் தொறந்து தட்டிட்டு மூடிருவேன். அதனாலதான் எரியலங்க. சூப்பர்வைசர் ஐயாவுக்கு இது தெரியாது."

குமாரசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு தொறக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலங்க."

"எப்படித் தட்டணும்னு யார் சொல்லிக் குடுத்தா?"

அயூப் அன்றைக்கும் கேன்டீனில்தான் இருந்தான்; அவன் பேரை இழுக்க அவளுக்கு மனமில்லை. "சிலோன்ல ஸ்டோர்ல வேல செஞ்சப்ப படிச்சதுங்க" என்றாள்.

"தொறக்கக் கூடாதுன்னு தெரியும்தானே? அனுமதி கேட்டிருக்கலாமே."

"கேட்டோங்க. ஐயா லெட்டர் போட்டாரு. வேணாம்னு பதில் வந்துச்சு."

ஜெஸிந்தாவை யாரும் கூப்பிடவில்லை. அவளே போய் பைலைத் தேடி எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். குமாரசாமி கடிதத்தைப் படித்தார், பம்பாய்ப் பதிலையும் படித்தார். தேதியைப் பார்த்தார். எழுந்தார்.

"வாங்க, காட்டுங்க" என்றார்.

அன்று வியாழக்கிழமை. போன சனிக்கிழமை தட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது; திங்கட்கிழமையிலிருந்து சேம்பர் விடாமல் ஓடியிருந்தது. மூடிக்கு மேலே சுவரில் ஒரு பிரஷர் மீட்டர்; முள் ஏற ஏறக் கம்ப்ரசருக்குச் சிரமம் என்று அர்த்தம். அதன் முள் பதினெட்டில் நின்றது. குமாரசாமி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஆண்டாயி மெயினை இறக்கினாள், நான்கு திருகாணியையும் கழற்றினாள். தகடுகளின் மேல் மெல்லிய பழுப்புப் பஞ்சு படர்ந்திருந்தது. அவர் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், வேலிக்கு அந்தப்புறம் ஓடுகிற விசிறியை மழைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"தட்டுங்க" என்றார்.

அவள் மேலிருந்து கீழாகத் தட்டினாள். மூடியை மாட்டினாள். சேம்பரை ஓட விட்டார்கள். எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முள் மெல்ல ஏறியது. பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் வந்து நின்றது. இன்னும் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பதினான்கைத் தாண்டவில்லை.

குமாரசாமி நோட்டை மூடினார். "அஞ்சு நாள் தூசிக்கே இவ்வளவு வித்தியாசம்னா, ஒரு வருஷத் தூசிக்கு எரியாம என்ன செய்யும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு செல்லதுரை பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

செல்லதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் ஆனது.

"ஆனா, விதிய மீறினத நான் எழுதாம இருக்க முடியாதும்மா" என்றார் குமாரசாமி ஆண்டாயியிடம். "மேல என்ன சொல்றாங்களோ, பாப்போம்."

"சரிங்க" என்றாள். அவளுக்கு அப்போதே நெஞ்சில் பாதி பாரம் இறங்கிவிட்டது. இரண்டரை வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலடிச் சத்தத்துக்குப் பயந்த பயம் இனி இல்லை. வேலை போனாலும் அந்தப் பயம் திரும்பி வராது.

சாயங்காலம் கேட்டருகே செல்லதுரை குடையோடு அவளுக்காக நின்றார்.

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னியேம்மா" என்றார். "ரெண்டு வருசமாத் தெரியும். குப்பத் தொட்டில பஞ்சப் பாத்தேன். திருகாணில பெயிண்ட் போயிருந்ததையும் பாத்தேன்."

ஆண்டாயி திகைத்துப்போனாள். "அப்ப ஏனுங்க ஐயா காலைல சொல்லல? உங்க பேர்ல தப்பு இல்லன்னு ஆயிருக்குமே."

"சொன்னா மொதல்ல உன்னையத்தான ஊட்டுக்கு அனுப்புவாங்க." குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "நட, பஸ் போயிரும்."

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆண்டாயி தினமும் வேலைக்குப் போனாள். சனிக்கிழமை மூடியைத் திறக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை, அதனால் செல்லதுரை பக்கத்தில் நிற்க, அவள் திறந்து தட்டினாள். தேநீர் கொடுத்தால் குடிப்பாள், ருசி தெரியாது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி கடிதம் வந்தது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். ஜெஸிந்தா அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தாள். ஆண்டாயி கழுவிக்கொண்டிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"சேம்பரை விக்கப் போறதில்லை" என்று படித்தாள் ஜெஸிந்தா. "கூடம் இங்கேயே இருக்கும். பம்பாய் ஒப்பந்தத்தை அடுத்த வருசம் புதுப்பிக்க வேண்டாமாம். அந்தப் பணத்துல இங்கேயே உதிரிச் சாமான் வாங்கி வச்சுக்கணுமாம். சின்ன வேலைக்கு உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாமாம். ஜன்னலுக்கு மெல்லிய கம்பி வலை போடணும். வாரத்துக்கு ஒரு தடவை பின்பக்கத் தகட்டைச் சுத்தம் பண்றது இனி நிரந்தர வேலை." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அதுக்கு ஒரு பராமரிப்பு உதவியாள் போடணும்னு எழுதியிருக்காங்க. பேரும் போட்டிருக்காங்கக்கா. சங்கிலி மனைவி ஆண்டாயி. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதியிலிருந்து பெர்மனண்டு."

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடித்தாள். ஒன்பது பேரும் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அவளுக்குப் பசித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. கேன்டீனுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அயூப் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சிரித்தான்.

"உள்ளூர் மெக்கானிக்குன்னு எழுதியிருக்காங்களாமே" என்றான். "யாருக்கா அது?"

"தெரியலையே தம்பி. மார்க்கெட்டுல விசாரிக்கணும்" என்றாள் ஆண்டாயி. தொண்டையில் சோறு சிக்குகிற அளவுக்குச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு சேம்பரின் செலவு வருடாவருடம் ஆபீசில் பேச்சுப் பொருளாக இல்லை. செலவே இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கதவு ரப்பர் மாற்றினார்கள், காஸ் நிரப்பினார்கள், விசிறி பேரிங் மாற்றினார்கள். ஆனால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்து, சாமானை வாங்கி வைத்துக்கொண்டு, நிதானமாகச் செய்த வேலைகள். செல்லதுரை எண்பத்தொன்றில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எண்பத்தாறில் இன்னொரு சேம்பர் வாங்கத் தீர்மானித்தபோது குமாரசாமி கட்டட வரைபடத்தை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தார். எங்கே வைக்கலாம் என்று ஆண்டாயியிடமும் கேட்டார். அவள் வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவள். வெளியே கூட்டிப்போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டினாள். அங்கேயே வைத்தார்கள்.

அந்த எழுபத்தெட்டு ஆகஸ்டில் அவளுக்கு முதல் தடவையாகச் சம்பளத்தோடு நான்கு நாள் லீவு கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு பந்தலூர் பஸ் ஏறினாள். ஊட்டி தாண்டியதும் கண் சொக்கியது. பைக்காரா போனது தெரியாது, நடுவட்டம் போனது தெரியாது, கூடலூரில் பஸ் நின்று எல்லோரும் இறங்கி டீ குடித்து ஏறியதும் தெரியாது. பந்தலூரில் மகள் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

சங்கிலி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தான்.

"என்ன, திடீர்னு? வேல போயிருச்சா?"

"இல்ல. நெலச்சிருச்சு."

வாசலிலேயே உட்கார்ந்து ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பிளந்த விறகை அடுக்கிக்கொண்டே கேட்டான். இரண்டரை வருடம் சனிக்கிழமைகளில் தாமதமாக வந்ததன் காரணம் வந்தபோது மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்." கோடாலியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான். "பெர்மனண்டுன்னா குவாட்டர்ஸ் குடுப்பாங்களா?"

"ஒரு ரூமு, ஒரு அடுப்படி. தண்ணிக் குழாய் வாசல்லயே இருக்கு. பாத்துட்டு வந்தேன்."

"எனக்கு அங்க என்ன வேல இருக்கு?"

"கேரட் மண்டியில மூட்டைக்கு ஆள் கேக்கறாங்க. அயூப் தம்பி சொல்லி வச்சிருக்கு."

சங்கிலி எழுந்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் நடந்தான். கணக்கை முடித்துக்கொள்ள இரண்டு நாள் ஆகும் என்று சொல்லித் திரும்பி வந்தான்.

லீவு முடிகிற நாள் மூன்று பேரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, சங்கிலி வளர்த்த இரண்டு பெட்டைக் கோழிகள். கோழிகளுக்கும் அரை டிக்கெட் ஆகும் என்று கண்டக்டர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். எதற்கும் வாதாடுகிற சங்கிலி, அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் மடியிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தான்.